ஒரு கிராம் என்ன விலை?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உயர்ரக ரேஸ் சைக்கிள் பாகங்களின் விலையைப் பற்றியவை. சிலர் கடையில் விலை கேட்டுவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள் எழுதியிருக்கிறார்கள் போலும். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஷிமானோ நிறுவனத்தின் 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்ற மூன்று கியர்-பிரேக் தொகுப்புகளிலும் பின்னால் 12 பல்சக்கரம். மூன்றிலும் எலக்ட்ரானிக் கியர், மூன்றிலும் ஆயில் பிரேக். பிறகு ஏன் ஒன்றைவிட இன்னொன்று இரண்டு மடங்கு விலை? (வங்கி ஊழியர், கோவை)

பதில்: தராசில் வைத்துப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். டிஸ்க் பிரேக் உள்ள முழு குரூப்செட்டுக்கு, அதாவது ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), முன் பின் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றித் தள்ளுவது), கிராங்க் (பெடல் மாட்டும் கை), கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), செயின், பிரேக் எல்லாம் சேர்த்து, நிறுவனம் சொல்லும் எடை இது: எலக்ட்ரானிக் 105 என்றால் 2,992 கிராம், அல்டெக்ரா 2,716, டூரா-ஏஸ் 2,438. முதல் படியில் குறைவது 276 கிராம், அடுத்த படியில் 278. கிட்டத்தட்ட ஒரே அளவு. விலை அப்படி ஏறவில்லை. அறிமுகமானபோது அமெரிக்காவில் 105 சுமார் 1,900 டாலர், அல்டெக்ரா 2,500-ஐ ஒட்டி, டூரா-ஏஸ் 4,000-க்கு மேல். முதல் 276 கிராமுக்குக் கிராம் ஒன்றுக்கு 2 டாலர் சொச்சம் கொடுக்கிறீர்கள். அடுத்த 278 கிராமுக்கு 5 டாலருக்கு மேல். கிராம் கணக்கில் பேரம் பேசுவது நகைக்கடையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

சுலபமாகக் குறையக்கூடிய எடையெல்லாம் கீழ்ப்படியிலேயே குறைந்துவிடுகிறது. கட்டி உலோகத்தைக் குழலாக்குவது, பளு தாங்காத இடத்தில் வழித்தெடுப்பது, இதற்கெல்லாம் பாகத்தை வார்க்கும் அச்சை மாற்றினால் போதும். அதற்கு மேலும் குறைக்க வேண்டும் என்றால் பொருளையே மாற்ற வேண்டும்: எஃகு இருந்த இடத்தில் டைட்டானியம், அலுமினியம் இருந்த இடத்தில் கார்பன் இழை. பின் டீரெய்லரை மட்டும் எடுத்துக்கொண்டால் 105-ல் 302 கிராம், அல்டெக்ராவில் 262, டூரா-ஏஸில் 215.

வேலை செய்யும் விதத்தில் இந்த இடைவெளி இல்லை. டூரா-ஏஸும் அல்டெக்ராவும் 2021-ல் சேர்ந்தே வந்தவை. மோட்டாரும் பேட்டரியும் கம்பியில்லாத் தொடர்பும் ஒரே தலைமுறை. மறு ஆண்டு வந்த 105-லும் அதே சங்கதிதான். லீவரின் தலையில் உள்ள கூடுதல் பொத்தான் இல்லாததைத்தான் குறை என்று சொல்லலாம். கண்ணைக் கட்டிவிட்டு கியர் மாற்றச் சொன்னால் மேலே உள்ள இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

உற்பத்தி எண்ணிக்கையும் ஒரு காரணம். 105 பொருத்தப்பட்டு வெளியே வரும் சைக்கிள்களோடு ஒப்பிட்டால் டூரா-ஏஸ் விற்பது சொற்பம். புதிய உத்தியைக் கண்டுபிடித்துச் சோதிக்கும் செலவு முதலில் அந்தச் சொற்பத்தின் தலையில் விழுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் அதே உத்தி 105-க்கு இறங்கும்போது அந்தச் செலவு ஏற்கெனவே வசூலாகியிருக்கும். பந்தயத்தில் ஓடும் சாமான் எதுவானாலும் பொதுமக்கள் விலைக்கு வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது உலக சைக்கிள் சங்கமான யூசிஐ-யின் விதி. தொழில்முறை அணிகளுக்காகச் செய்த பொருள் நம் ஊர்க் கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த 278 கிராம் உங்களுக்கு என்ன தரும்? ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். ஏற்காடு மலைப்பாதை கூடக்குறைய அவ்வளவுதான். 0.278 கிலோவை 9.81-ஆல் பெருக்கி, ஆயிரத்தாலும் பெருக்கினால் சுமார் 2,730 ஜூல். நீங்கள் 200 வாட் சக்தியில் மிதிப்பவர் என்றால் அதை 200-ஆல் வகுக்க வேண்டும்: 14 விநாடிக்கும் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ஏற்றத்தில் 14 விநாடி. அடிவாரத்திலேயே பாட்டிலில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டினாலும் சைக்கிள் அதே அளவு இலேசாகும்.

கேள்வி: கேசட் என்பது பல் வெட்டிய தகடுகளின் அடுக்குதானே? தெருமுனைக் கடையில் ஏழு கியர் ஃப்ரீவீல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உயர்ரக கேசட் மட்டும் பல ஆயிரமாவது எப்படி? (பொறியியல் மாணவர், திருச்சி)

பதில்: நல்ல கேள்வி. எடை வித்தியாசம் அதிகமாக ஒளிந்திருப்பதும் இந்தப் பாகத்தில்தான். 11–34 அளவில் 105 கேசட் 361 கிராம், அல்டெக்ரா 345, டூரா-ஏஸ் 253. மேலே சொன்ன 278 கிராமில் 92 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, இந்த ஒரு பாகத்திலேயே போய்விடுகிறது.

சாதாரணப் பல்சக்கரம் எஃகுப் பட்டையில் இருந்து பிரஸ்ஸில் வெட்டப்படுகிறது. ஒரு அடி, ஒரு சக்கரம். பிறகு செயின் ஏறி இறங்குவதற்கான சரிவுகளை இன்னொரு அச்சில் அழுத்தி, சூடேற்றிக் கடினமாக்கி, நிக்கல் பூசினால் ஆயிற்று. விலை அதிகமுள்ளவற்றில் பற்கள் எல்லாம் ஒரே உருவத்தில் இருக்காது என்பதைக் கவனியுங்கள். கேசட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில பற்கள் குட்டையாக, சில ஒருபக்கம் சீவியதாக, அடுத்த சக்கரத்தின் பள்ளத்தோடு நேராக நிற்கும். செயின் எந்தப் பல்லில் ஏற வேண்டும், எந்தப் பல்லில் விட வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்கிறது. சக்கரங்கள் ஒரு பல் தள்ளி மாட்டிக்கொள்ளாதபடி நடுத்துளையில் ஒரு வரி மட்டும் அகலமாக இருப்பதும் இதற்காகத்தான்.

டூரா-ஏஸில் பெரிய சக்கரங்கள் டைட்டானியம். எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆனால் பட்டறைக்காரருக்கு அது தலைவலி. வெட்டும்போது எழும் சூட்டை அது கடத்தாது; சூடு முழுக்கக் கருவியின் முனையிலேயே தங்கி முனையைத் தின்றுவிடும். அச்சில் அழுத்தினால் கொஞ்சம் மீண்டு எழும், அச்சோடு ஒட்டிக்கொண்டு பிறாண்டும்.

அமெரிக்க நிறுவனமான ஸ்ராம் தன் ரெட் வரிசைக்கு வேறு வழி எடுத்தது. கட்டி எஃகை சிஎன்சி எனப்படும் கணினி இயக்கும் எந்திரத்தில் வைத்துக் கடைந்து, உள்ளே குடைந்து, பல்சக்கரக் கொத்தை ஒரே துண்டாக, கவிழ்த்த கிண்ணம் போல எடுக்கிறார்கள். ஆகப் பெரிய சக்கரம் மட்டும் அலுமினியம். பிரஸ்ஸில் ஒரு நொடியில் முடிவது இங்கே எந்திர நேரமாக நீள்கிறது. வாங்கிய எஃகில் பெரும்பகுதி சீவலாகக் கீழே விழுகிறது. கோவைப் பட்டறைகளில் மணிக்கணக்கில் எந்திர வாடகை கொடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கேசட் தேயும் பொருள். டைட்டானியப் பற்கள் எஃகைவிடச் சீக்கிரம் தேயும். ஆகவே விலை கூடியது முதலில் சாகும். டூரா-ஏஸ் பொருத்திய சைக்கிளில் தினசரிப் பயிற்சிக்கு 105 கேசட்டை மாட்டி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். இரண்டும் 12 கியர் என்பதால் பொருந்தும். அல்டெக்ராவுக்கும் 105-க்கும் இந்தப் பாகத்தில் 16 கிராம்தான் வித்தியாசம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் ஓட்டு 105-க்கே.

கேள்வி: இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கிவிடலாமே? (இல்லத்தரசி, விழுப்புரம்)

பதில்: வாங்கலாம். ஆனால் ஸ்கூட்டர்கள் நம் நாட்டில் மாதம் லட்சக்கணக்கில் விற்பவை. அச்சின் விலை அத்தனை பேருக்கும் பங்கிடப்படுகிறது. சைக்கிளின் உச்சப் படிக்கு அந்தக் கூட்டம் இல்லை. (உங்கள் வீட்டில் யாரோ விலைப்பட்டியலை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.)

கேள்வி: அலுமினிய வீலுக்கும் கார்பன் வீலுக்கும் ஏன் இவ்வளவு தூரம்? மலை ஓட்டத்துக்கு கார்பன் வாங்கலாமா? என் சைக்கிள் பழைய ரிம் பிரேக், வீலின் விளிம்பையே பிடிக்கும் வகை. (சேலம்)

பதில்: கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ரிம் பிரேக் சைக்கிளுக்கு, மலை இறங்குபவர் என்றால், கார்பன் ரிம் வேண்டாம்.

சைக்கிளும் ஆளுமாக 80 கிலோ, ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 785 கிலோ ஜூல். வேகமாக இறங்கினால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அத்தனையும் ரிம்முக்குத்தான். அலுமினியம் சூட்டைச் சுற்றிலும் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பனில் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். அதற்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிசின் இளகும், டயரின் காற்றழுத்தம் ரிம்மின் சுவரை வெளியே தள்ளும், டியூப் வெடிக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் எழுபதாவதில் இப்படி நடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கார்பனுக்கென்று விற்கும் பிரேக் கட்டையை மட்டும் போடுங்கள். விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, அழுத்திப் பிடித்து விடுங்கள். தடவிக்கொண்டே இறங்காதீர்கள். டிஸ்க் பிரேக் வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்தது. சூடு ரோட்டர் என்ற தனித் தட்டுக்குப் போய்விட்டது.

இனி விலை. அலுமினிய ரிம் என்பது அச்சில் பிதுக்கிய நீளக் கம்பியை வட்டமாக வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, கடைந்து எடுப்பது. எந்திரம் ஓடும், ரிம் விழும். கார்பனுக்குத் துணி போன்ற பிசின் தோய்த்த இழைத்தாள் வேண்டும். அது தானாக இறுகிவிடாமல் இருக்க ஃப்ரீசரில், சுமார் மைனஸ் 18 டிகிரியில் காக்கிறார்கள்; வெளியே எடுத்த நேரத்தைக் கணக்கு வைத்து, கெடு தாண்டினால் குப்பை. அதைத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் என்ற வரைபடத்தைப் பார்த்து, ஆள் கையால் அடுக்குகிறார். உள்ளே காற்றுப்பை வைத்து அச்சை மூடி, சூடேற்றி, இறுகியபின் பிரித்து, ஓரம் தேய்த்து, ஸ்போக் கம்பிக்குத் துளையிட்டு, பரிசோதிக்க வேண்டும். அடுக்கில் ஒரு சுருக்கம் விழுந்தால் அந்த ரிம் போச்சு. ஃப்ரேமுக்கும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேறு. ஆள் கூலியும் கழிவும் அச்சுச் செலவும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் விலை.

உயரமான ரிம் காற்றைக் கிழிக்கும் என்பது உண்மைதான், சமதளத்தில் வேகமாகப் போகிறவருக்கு. பக்கக் காற்றில் அதே ரிம் பாய்மரம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் 60 மில்லிமீட்டர் முன் வீலோடு போவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். 35 முதல் 45 மில்லிமீட்டர் நம் சாலைகளுக்குப் போதும்.

கேள்வி: செராமிக் பால்ரஸ் போட்டால் வீல் நிற்காமல் சுற்றுகிறது. வீடியோவில் பார்த்தேன். வாங்கலாமா? (சென்னை, திருவான்மியூர்)

பதில்: பளு இல்லாமல் கையால் சுற்றிவிட்ட வீல் எத்தனை நிமிடம் சுற்றுகிறது என்பதற்கும், மேலே எழுபது கிலோ உட்கார்ந்து ஓட்டுவதற்கும் சம்பந்தமில்லை. அந்த வீல் நிற்காமல் சுற்றுவது பெரும்பாலும் உள்ளே கிரீஸ் குறைவாகவும், ஓரச் சீல் தளர்வாகவும் இருப்பதால். நல்ல எஃகு பேரிங்குக்கும் செராமிக்குக்கும் வீல்களில் உள்ள வித்தியாசம் ஒரு வாட்டுக்கும் கீழே.

செராமிக் என்று விற்பதில் பெரும்பாலானவை கலப்பு. குண்டுகள் மட்டும் சிலிக்கான் நைட்ரைடு. அவை உருளும் வளையம் எஃகுதான். குண்டு துருப்பிடிக்காது, வளையம் பிடிக்கும். கடற்கரைச் சாலையில் ஓட்டுகிற உங்களுக்கு உப்புக் காற்றும் மழைநீரும் உள்ளே போகாத தடித்த சீல் உள்ள எஃகு பேரிங்கே நல்லது. ஐப்பசி, கார்த்திகை கழிந்ததும் ஒருமுறை சீலைத் தூக்கி, பழைய கிரீஸைக் கழுவிப் புதிதாக வையுங்கள். செராமிக்குக்குக் கொடுக்கும் காசில் பத்து வருடம் எஃகு பேரிங் மாற்றலாம்.

கேள்வி: ஒரு ஃப்ரேமில் டி1000 கார்பன் என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் டி700. எண் கூடினால் தரம் கூடுமா? (ஈரோடு)

பதில்: இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி வரிசையில் எண் கூடினால் இழுவை வலிமை கூடும். எம் என்று தொடங்கும் வரிசை விறைப்புக்கானது. டி700 இழையின் வலிமை சுமார் 4,900 மெகா பாஸ்கல், விறைப்பு 230 கிகா பாஸ்கல். எம்40ஜே-யின் விறைப்பு 377, ஆனால் வலிமை 4,400. டி700 அறுபடுமுன் 2.1 சதவீதம் நீளும், எம்40ஜே 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். விறைப்பான இழையைக் குறைவாகப் போட்டாலும் ஃப்ரேம் வளையாது, அதனால் எடை குறையும். ஆனால் கல் தெறித்தாலோ கீழே விழுந்தாலோ சட்டென்று உடையும். அதனால் நல்ல ஃப்ரேம் எதுவும் ஒரே இழையால் செய்யப்படுவதில்லை. மிதிக்கும் இடத்தில் ஒன்று, அடிபடும் இடத்தில் ஒன்று என்று கலந்து அடுக்குவார்கள். குழம்பில் எந்த ஊர் மிளகாய் என்று மட்டும் சொன்னால் குழம்பு எப்படி இருக்கும் என்று தெரியுமா? ஃப்ரேமில் ஒட்டிய எண்ணும் அப்படித்தான்.

கேள்வி: பழைய டூரா-ஏஸ் கிராங்க் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. 11 கியர் காலத்தது. நம்பி வாங்கலாமா? (மதுரை)

பதில்: மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 கியர் கிராங்குகளைப் பரிசோதித்து மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. கிராங்க் பிரிந்ததாக வந்த புகார்கள் 4,500-க்கும் மேல். பட்டியலில் இருந்தவை அல்டெக்ரா 6800, ஆர்8000. டூரா-ஏஸ் 9000, ஆர்9100, அதன் பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும்) வகை. 2019 ஜூலைக்கு முன் செய்தவை மட்டும். மாடல் எண்ணும் தயாரிப்புக் குறியீடும் கிராங்க் கையின் உட்பக்கம் பொறித்திருக்கும்.

எடை குறைக்க என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்தக் கைகள் உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு அலுமினியப் பகுதிகளைச் செய்து, பிசின் வைத்து ஒட்டினார்கள். அந்த ஒட்டுதான் சிலவற்றில் பிரிந்தது. அதே காலத்து 105 கிராங்க் அந்தப் பட்டியலில் இல்லை!

உங்களிடம் ஏற்கெனவே இருந்தால்: செயின் பக்கக் கையை டிகிரீசர் போட்டுத் துடைத்து முழுக்க உலர விடுங்கள். உட்பக்கம் டார்ச் அடித்து, ஒட்டிய கோடு நெடுகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினாலோ, கோட்டில் வெள்ளைப் பொடியோ கருப்புக் கசிவோ தெரிந்தாலோ ஓட்டாதீர்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் 'டிக் டிக்' என்று வரும் சத்தமும் ஒரு அறிகுறி. பெடலையும் கிராங்க் சுழலும் அச்சையும் கிரீஸ் வைத்து இறுக்கிய பின்னும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால் கிராங்கைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பிரபல நிறுவனத்தின் கார்பன் ஹேண்டில்பார் இணையத்தில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வருகிறதே? (திருப்பூர்)

பதில்: பெயர் மட்டும் அந்த நிறுவனத்துடையதாக இருக்கும். வளைவின் உட்புறத்தில் இழை சுருண்டு, பிசின் சேராத காற்றுக் குமிழ்கள் இருந்தாலும் மேலே பூசிய வார்னிஷ் மறைத்துவிடும். ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனையில் ஹேண்டில்பாரை மாற்றி மாற்றிப் பல்லாயிரம் முறை அழுத்திப் பார்ப்பார்கள். மலிவுச் சரக்குக்கு அந்தச் சோதனை உங்கள் கையில்தான் நடக்கும். ஹேண்டில்பார், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம், முன் ஃபோர்க், இந்த மூன்றில் பேரம் வேண்டாம். கார்பன் கட்டுப்படியாகவில்லை என்றால் அலுமினியம் போடுங்கள். எடை வித்தியாசம் நூறு கிராம் அளவில்தான்.

அசல் வாங்கினாலும் டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கின் அளவு காட்டும் ஸ்பானர், இல்லாமல் முடுக்காதீர்கள். ஸ்டெம் முன்மூடியின் நாலு போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பாகத்தின் மேல் அச்சிட்ட எண்ணே முடிவு. குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி. வழுக்கினால் முறுக்கைக் கூட்டாதீர்கள், மணல் போன்ற துகள் கலந்த கார்பன் பேஸ்ட்டைத் தடவுங்கள்.

கேள்வி: சீனக் கம்பெனிகளின் குரூப்செட் பாதி விலையில் கிடைக்கிறது. (தஞ்சாவூர்)

பதில்: எல்-டூ, சென்சா போன்றவை கெட்ட சரக்கு இல்லை. வாங்குமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பிரேக் சீல், லீவர் ரப்பர், உடைந்த டீரெய்லருக்கு உதிரி, இவை உங்கள் ஊரில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் ஒரு ரப்பருக்காக முழு ஷிஃப்டரையும் மாற்ற வேண்டி வரும்.

கேள்வி: பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சைக்கிள் கட்டினால் மிச்சமாகுமா? (நாகர்கோவில்)

பதில்: ஆகாது. சைக்கிள் கம்பெனி குரூப்செட்டுகளை ஆயிரக்கணக்கில், அலங்காரப் பெட்டி இல்லாமல், மொத்த விலைக்கு எடுக்கிறது. நீங்கள் கடையில் வாங்கும் பெட்டி உற்பத்தியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் என்று மூன்று கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையும் தன் பங்கை வைக்கிறது. இடையில் சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி. முழுச் சைக்கிளுக்கான சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்தில் இருந்து 35 ஆயிற்று. ஜிஎஸ்டி மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 12-ல் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. அல்டெக்ரா வேண்டும் என்றால் அல்டெக்ரா பொருத்திய சைக்கிளாகவே வாங்குங்கள். கையில் நல்ல ஃப்ரேம் ஏற்கெனவே இருப்பவருக்குத்தான் தனிப் பாகக் கணக்கு ஒத்துவரும்.

கேள்வி: 105 மெக்கானிக்கல் (கம்பியால் கியர் மாறும் வகை) வைத்திருக்கிறேன். கையில் 15,000 ரூபாய். எதை மாற்றினால் வேகம் தெரியும்? (புதுச்சேரி)

பதில்: டயர். வேறு எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. சைக்கிளோடு வந்த கெட்டியான பயிற்சி டயருக்கும் கான்டினென்டல் ஜிபி5000 போன்ற நல்ல டயருக்கும் உருள்வதில் உள்ள இழப்பு, டயர் ஒன்றுக்குப் பத்து வாட் அளவில் வேறுபடலாம். ஃப்ரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் போடுங்கள். காற்றை நூறு, நூற்றிருபது என்று ஏற்றாதீர்கள். 70 கிலோ ஆளுக்கு 28 மில்லிமீட்டரில் எழுபது பிஎஸ்ஐ சுற்றி வைத்தால் நம் சாலையில் துள்ளாமல் ஓடும்.

மீதிப் பணத்தில் கியர் கம்பியையும் அதன் வெளியுறையையும் மாற்றுங்கள். 'கியர் சரியாக விழவில்லை, அல்டெக்ரா வாங்கலாமா' என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் உறைக்குள் இருக்கிற துருதான். உறையைக் கட்டரால் வெட்டியதும் முனையை அரத்தால் சமமாக்கி, நசுங்கிய உள்குழலை ஊசியால் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதிய கம்பியும் இழுத்துப் பிடிக்கும். மறுபாதிப் பேருக்கு டீரெய்லர் தொங்கும் சிறு அலுமினியக் காது வளைந்திருக்கும். கீழே விழுந்தால் ஃப்ரேமைக் காப்பாற்றத் தான் வளையட்டும் என்றே அதை மென்மையாகச் செய்கிறார்கள். கடையில் அளவுக்கோல் மாட்டி நிமிர்த்திவிடலாம்.

பிறகு செயினுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு. புது செயினைப் பெட்ரோலிலோ வெள்ளை ஸ்பிரிட்டிலோ இரண்டு மூன்று முறை, திரவம் கலங்காமல் வரும்வரை அலசி உலர்த்துங்கள். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டாம்; மொட்டை மாடிதான் சரி. பாரஃபின் மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். செயினை உள்ளே போட்டுக் குமிழி அடங்கும்வரை, பத்து நிமிடம் போல, அசைத்து, மெழுகு ஓரத்தில் லேசாக ஆடை கட்டத் தொடங்கும்போது வெளியே தூக்குங்கள். அதிகச் சூட்டில் எடுத்தால் எல்லாம் வடிந்துவிடும். 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே. இணைப்புக் கண்ணி விஷயத்தில் கவனம்: நவீன செயின்களோடு வருபவை பெரும்பாலும் ஒருமுறை மட்டும் பூட்டுவதற்கானவை, மெழுகு போடுபவர்கள் 'திரும்பப் பயன்படுத்தலாம்' என்று குறித்த கண்ணியைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தேய்மானம் பார்க்க எஃகு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் மையத்தில் இருந்து 24 கண்ணி தள்ளி உள்ள பின் புது செயினில் சரியாக 304.8 மில்லிமீட்டரில், அதாவது 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அரை சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். அன்றே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் கேசட் விலையைப் பற்றிக் கேட்பீர்கள்.